பல்டிக்கு முன்னால் சுவர்: சித்தூர் பக்கத்துப் பிள்ளைகளும் ஜிம்னாஸ்டிக்ஸும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரைச் சுற்றி, தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் ஆறு ஏழு வயசுப் பிள்ளை ஒன்று வாசலில் கார்ட்வீல் (கை ஊன்றிப் பக்கவாட்டில் சக்கரம்போலச் சுழல்வது) அடிக்க ஆரம்பித்தால் வீட்டில் இரண்டு விதமாகப் பேச்சு எழும். "இவளை இப்பவே கோயமுத்தூர்ல சேர்த்துடணும்" என்பார்கள் சிலர். "இங்க என்ன இருக்கு, பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் யார் அலையறது, விட்டுடு" என்பார்கள் மற்றவர்கள். இரண்டுமே அவசரப் பேச்சு. முதல் மூன்று வருஷ வேலையில் முக்கால்வாசி ஒரு சுவர், ஒரு பாய், ஒரு கயிறு இருந்தால் ஊரிலேயே நடக்கும். அதற்குப் பிறகுள்ள வேலையை ஊரில் எவ்வளவு கெட்டிக்கார மாஸ்டர் இருந்தாலும் செய்யக் கூடாது. எது எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரியாமல்தான் பணமும் வீணாகிறது, பிள்ளையின் மணிக்கட்டும் வீணாகிறது.

கால அளவை முதலில் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். சர்வதேச அளவில் சீனியர் பிரிவில் இறங்க, பெண்ணுக்கு அந்த ஆண்டில் 16 வயது நிறைய வேண்டும், ஆணுக்கு 18. ஆறு வயசில் தொடங்கும் பெண் பிள்ளைக்குப் பத்து வருஷம் இருக்கிறது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி 14 வயசில் 10.0 வாங்கியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் அந்தக் கணக்கிலேயே பிள்ளைகளை விரட்டுகிறது. அந்தக் கணக்கு மாறி ரொம்ப நாளாயிற்று.

ஊரில் செய்ய வேண்டியதில் முதலாவது, மல்லாந்து படுத்துச் செய்யும் 'ஹாலோ'. கைகளைத் தலைக்கு மேலே நீட்டி, தோளும் காலும் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி, இடுப்பின் பின்பக்கம் மட்டும் தரையில் அழுந்தியிருக்க வேண்டும். இடுப்புக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் வயிறு வேலை செய்யவில்லை, முதுகுதான் தூக்குகிறது. அப்போது திட்டாமல் காலைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்கள். அதிலும் இடைவெளி இருந்தால் முட்டியை மடக்கச் சொல்லுங்கள். 20 விநாடி மூன்று தடவையில் தொடங்கி 60 விநாடி வரை கொண்டுபோக நாலைந்து மாதம் பிடிக்கும். பிள்ளைக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பார் (தொங்கி ஆடும் கம்பி), பீம் (ஏறி நடக்கும் குறுகிய மரம்), வால்ட் (ஓடிவந்து தாண்டும் மேஜை), ஃப்ளோர் (தளம்) நான்கிலும் உடம்பு காற்றில் இருக்கும்போது தேவைப்படும் வடிவம் இதுதான்.

இரண்டாவது ஹேண்ட்ஸ்டாண்ட், அதாவது கை ஊன்றித் தலைகீழாக நிற்பது. தெருவில் பிள்ளைகள் முதுகு சுவரைப் பார்க்க, காலை உதைத்துத் தூக்கி நிற்பார்கள். அது பழக்கமானால் முதுகு வாழைப்பழம் மாதிரி வளைந்தே கிடக்கும், பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு. நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது நெஞ்சு சுவரைப் பார்க்கிற வகை. தரையில் கை ஊன்றி, காலால் சுவரில் ஏறி, கைகளைச் சுவரிலிருந்து நான்கு விரல் தூரம் வரை நடத்திக்கொண்டு வர வேண்டும். கால் கட்டைவிரல் நுனி சுவரைத் தொட, காதை மேல்கை மூட, தரையைத் தள்ளித் தோளை உயர்த்தி நிற்க வேண்டும். ஏறக் கற்பிப்பதற்கு முன்னால் இறங்கக் கற்பியுங்கள்: கையால் முன்னே நடந்து காலை இறக்குவது, அல்லது ஒரு கையை நகர்த்திப் பக்கவாட்டில் கார்ட்வீலாக இறங்குவது. இறங்கத் தெரியாத பிள்ளை களைத்ததும் முழங்கையை மடக்கித் தலைமேல் உட்காரும்.

"வவுத்த உள்ள இழு கண்ணு, வவுத்த உள்ள இழு" என்று பள்ளிக்கூட மைதானத்தில் கத்துவது அடிக்கடி கேட்கும். பல நேரம் குற்றம் வயிற்றில் இல்லை. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, விலா எலும்பு மேலே துருத்தாமல் உங்கள் கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு, இரண்டு கையையும் காதோரமாகத் தரைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். முழங்கை மடங்காமல் கை தரையைத் தொடவில்லையானால் தோள் இறுக்கம். தோள் முழுசாகத் திறக்காத பிள்ளை தலைகீழாக நேரே நிற்க முதுகைத்தான் வளைக்க முடியும், வேறு வழியே கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வயிற்றுப் பயிற்சி எவ்வளவு கொடுத்தாலும் முதுகு நிமிராது. ஒரு பெஞ்சில் முழங்கையை வைத்து, மண்டியிட்டு, நெஞ்சைத் தரை நோக்கி இறக்கும் தோள் நீட்டல் தினமும் 30 விநாடி நாலு தடவை கொடுக்க வேண்டும். இரண்டே மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது இறங்குதல். இதை யாரும் பயிற்சியாகவே நினைப்பதில்லை. முழங்கால் தசைநார் கிழிவதும் கணுக்கால் பிசகுவதும் பெரும்பாலும் தரையிறங்கும்போதுதான். முப்பது சென்டிமீட்டர் உயரத் திண்ணையிலிருந்து குதித்து, பாதம் இடுப்பகலத்தில் விழுந்து, முட்டி மடங்கி, நெஞ்சு நிமிர்ந்து, மூன்று விநாடி அசையாமல் நிற்க வேண்டும். தினம் பத்து தடவை. முன்னாலிருந்து பாருங்கள், முட்டி இரண்டும் உள்பக்கம் ஒன்றையொன்று முட்டப் போகிறதா? போனால் உயரத்தைக் குறையுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 'தட்' என்று கனத்த சத்தம் வந்தால் கால் விறைத்திருக்கிறது. பூனை குதித்த மாதிரி மெல்லிய சத்தம் வந்தால் முட்டியும் கணுக்காலும் வாங்கிக்கொள்கின்றன என்று அர்த்தம். பல்டியில் இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை காலுக்கு வரும். திண்ணையில் சத்தம் போடும் பிள்ளைக்கு அதைத் தாங்கத் தெரியாது.

ஸ்ப்ளிட் (காலை முன்பின்னாக விரித்துத் தரையில் அமர்வது), சக்ராசனம் இரண்டும் உடம்பு சூடானபின், கடைசியில். ஸ்ப்ளிட்டில் மாஸ்டர் பிள்ளையின் முதுகில் ஏறி அழுத்துவது பழைய பழக்கம், இன்னும் போகவில்லை. வளரும் பிள்ளையின் தொடைத் தசை இடுப்பெலும்போடு சேரும் இடம் இன்னும் முழுசாக எலும்பாகவில்லை. அங்கே பிய்ந்தால் மாதக்கணக்கில் ஓட்டம் கிடையாது. அவரவர் எடையே போதும், 45 விநாடி, ஒரு பக்கத்துக்கு மூன்று தடவை.

பீமுக்கு ஊரில் செலவே இல்லை. போட்டி பீம் 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், 125 சென்டிமீட்டர் உயரம். திண்ணையில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு இரண்டு கோடு போட்டாலே முதல் பீம் தயார். அடுத்தது, தச்சரிடம் சொல்லி 10 சென்டிமீட்டர் அகலத்தில் இழைத்து, மூலை மழுக்கி, துணி சுற்றித் தரையிலேயே கிடத்திய மரம். கோட்டில் பத்து தடவை செய்து ஒன்பது தடவை தடுமாறாதது மரத்துக்குப் போகலாம். மரத்தில் பத்துக்கு ஒன்பது வந்தால் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு. இந்த விதியை ஒரு நாளும் தளர்த்தாதீர்கள். உயரம் கூடும்போது வித்தை மாறுவதில்லை, பயம்தான் கூடுகிறது. பயந்த பிள்ளை கீழே பார்க்கும், கீழே பார்த்தால் இடுப்பு பின்னால் போகும், விழும்.

மெத்தை விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். மெத்து மெத்தென்ற ஸ்பாஞ்சு மெத்தை பாதுகாப்பு என்று தோன்றும். அதில் இறங்கினால் பாதம் புதைந்து கணுக்கால் திரும்பும். ரப்பர் கலந்த தென்னைநார் மெத்தை கெட்டியாக இருக்கும், குட்டிக்கரணத்துக்கும் உருளுவதற்கும் அதுவே நல்லது. இரண்டு மெத்தை சேரும் இடைவெளிதான் எமன், விரல் நுழைகிற சந்தில் பாதமும் நுழையும். மேலே ஒரே தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள். ஜூனில் மழை பிடித்ததும் மெத்தையைத் தரையில் படுக்கப் போடாமல் ஓரமாக நிமிர்த்தி வையுங்கள், வெயில் கண்ட நாளெல்லாம் வெளியே எடுங்கள். பூஞ்சை பிடித்த மெத்தையில் உருளும் பிள்ளைக்குத் தோலும் அரிக்கும், மூச்சும் இரைக்கும்.

இரும்புக் குழாயில் பார் போட்டுத் தருகிறோம் என்று பி.டி. மாஷ்மார் (உடற்பயிற்சி ஆசிரியர்கள்) ஆசையாக வருவார்கள். போடட்டும். தொங்குவது, காலைத் தூக்கிக் குழாயைத் தொடுவது, புல்-அப், இவ்வளவுதான் அதில். போட்டிப் பாரில் பெண்களுக்கு உள்ளது நார்க்கண்ணாடிக் குழாய்மேல் மரம் பூசியது. ஆட்டத்தில் வளைந்து கொடுக்கும், விசையில் ஒரு பங்கை அதுவே வாங்கிக்கொள்ளும். ஜிஐ குழாய் வளையாது. வீசி ஆடினால் மொத்த வெட்டும் தோளுக்கு வரும், கூடவே மண்ணில் நட்ட கம்பமும் ஆடும். கயிறு இதைவிட நல்ல முதலீடு. கனமான கயிற்றில் காலைப் பயன்படுத்தாமல் மூன்று மீட்டர் ஏறி, நிதானமாகக் கை மாற்றி இறங்கும் பிள்ளைக்குப் பாரில் வேலை சுலபம். வழுக்கிக்கொண்டு இறங்கினால் உள்ளங்கை போய்விடும்.

செய்யவே கூடாதவை. சித்தூர்ப் புழையோர மணலில், அறுவடை முடிந்த வயலில், வைக்கோல் போரில் பின்பல்டி. திருவிழா எக்சிபிஷன் ட்ராம்போலினில் 'ஃப்ளிக்' (பின்னால் பாய்ந்து கை ஊன்றித் திரும்பக் காலில் இறங்குவது). பையன்கள் போடத்தான் போடுவார்கள், அதில் சிலர் அபாரமாகவும் போடுவார்கள். ஆனால் மணல் திருப்பித் தள்ளாது. அது தள்ளாததால் உயரம் எடுக்கத் தலையைப் பின்னால் வெட்டி எறியப் பழகுகிறார்கள். அந்தத் தலைவெட்டு ஒரு வருஷம் ஊறிவிட்டால் ஸ்பிரிங் தளத்தில் அதை அழிக்க இரண்டு வருஷம் ஆகும். பயிற்சி மையங்களில் 'மணல் பையன்' என்று தூரத்திலேயே கண்டுபிடிப்பார்கள்.

ஃப்ளிக்குக்குத் தகுதி எது என்று மாஸ்டரிடம் கேளுங்கள். சுவரில்லாமல் 10 விநாடி ஹேண்ட்ஸ்டாண்ட், கை மடங்காமல் தோள் கைக்கு நேர் மேலே வரும் சக்ராசனம், அதிலிருந்து காலை உதைத்துப் பின்னால் தாண்டுவது, ஒழுங்கான பத்து தண்டால். இவை இல்லாமல் ஆரம்பித்தால் என்ன ஆகும்? பின்னால் சாயும்போது பிள்ளை நாற்காலியில் உட்காருவதுபோல இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும், முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது. முட்டி முன்னால் வந்தால் பறக்கும் தூரம் குறையும். கை ஊன்ற இடம் இல்லாமல் தலைக்கு நேர் கீழே ஊன்றும், முழங்கை மடங்கும், நெற்றி தரையில். தாங்கிப் பிடிப்பவரின் ஒரு கை இடுப்பின் பின்புறம், ஒரு கை தொடையின் பின்புறம் இருக்க வேண்டும். பனியன் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பது பிடிப்பது ஆகாது.

எப்போது வண்டி ஏறுவது? பெண் பிள்ளைக்கு எட்டிலிருந்து ஒன்பது வயசுக்குள். பையனுக்கு ஒன்பது பத்து வரை பொறுக்கலாம். ஆண்களுக்கு ஆறு கருவி: ஃப்ளோர், பொம்மல் ஹார்ஸ் (மேலே இரண்டு பிடி வைத்த கட்டை), ரிங்ஸ் (தொங்கும் வளையங்கள்), வால்ட், பேரலல் பார், ஹை பார். ரிங்ஸுக்கான பலம் மீசை முளைத்த பின்னால்தான் வரும், ஆகவே அவர்களுக்குக் கதவு நெடுநாள் திறந்திருக்கும். பெண்களுக்கு நான்கு கருவி. உயரமும் எடையும் கூடுவதற்கு முன்னால் பாரில் அடிப்படை ஆட்டம் உடம்பில் ஏறிவிட வேண்டும், அதை எந்த மைதானத்திலும் ஈடு செய்ய முடியாது. 12க்கு 12 மீட்டர் ஸ்பிரிங் தளமும் 25 மீட்டர் ஓடுபாதையும் அப்படியே.

ஆறு ஏழு வயசில் வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம். எட்டு ஒன்பதில் நாலு நாள், இரண்டு மணி. வாரத்துக்கு வயசைவிட அதிக மணி நேரம் ஒரே விளையாட்டில் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் பொது அளவு. பத்து வயசுக்கு மேல் போட்டிப் பிள்ளைகள் அதைத் தாண்டி 15, 18 மணி வரை போகிறார்கள். போனால் ஒரு முழு நாள் ஓய்வு கட்டாயம். எல்லையோரப் பிள்ளைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி பஸ்ஸில். ஐந்து நாள் போனால் அதுவே பன்னிரண்டரை மணி. தூக்கம் ஒன்பது மணிக்குக் கீழே போகிறதென்றால் ஐந்து நாளை மூன்றாக்கி, மீதி இரண்டு நாள் ஊர்ச்சுவரில் மாஸ்டர் எழுதிக் கொடுத்த பயிற்சியைச் செய்வதே புத்திசாலித்தனம். களைத்து வந்த பிள்ளைக்குப் புது வித்தை ஏறாது, விழுகிற வாய்ப்புதான் ஏறும்.

மையத்தைப் பார்க்கப் போகும்போது சுவரில் தொங்கும் மெடலைப் பார்க்காதீர்கள், ஃபோம் கட்டிகள் நிரப்பிய குழியைப் பாருங்கள். கட்டிகள் அமுங்கிப் பலகையாகக் கிடந்தால் யாரும் கிளறிவிடுவதில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் மற்றதையும் கவனிக்கமாட்டார்கள். சின்னப் பிள்ளைகளில் ஒரு மாஸ்டருக்கு எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் யோசியுங்கள். விழுந்த பிள்ளை எழுந்ததும் மாஸ்டர் என்ன செய்கிறார்? முந்தின படிக்கு இறக்கினால் நல்லவர், "மறுபடி போடு" என்று மட்டும் கத்தினால் திரும்பி வந்துவிடலாம். தாங்கிப் பிடிக்கத் தொட வேண்டிய விளையாட்டு இது. எங்கே, எதற்காகத் தொடுகிறார்கள் என்பதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்கிற மையத்தில் சேர்க்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098ஐப் பிள்ளையே மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்கட்டும்.

இனி உள்ளங்கை. இந்தப் பக்கத்துக்கென்றே தனி அத்தியாயம் வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு பருவம் இரண்டு விதமாகக் கையைக் கெடுக்கிறது. மார்கழி தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறட்சியாக அடிக்கும், காய்ப்பு ஏறிய இடம் பலகை மாதிரி காய்ந்து, பாரில் ஒரு வீச்சில் ஓரத்திலிருந்து உரிந்து வரும். ஆனி ஆடியில் காற்றெல்லாம் ஈரம்; பிடிப்புக்குப் பூசும் மெக்னீசியம் கார்பனேட் பவுடர் கையில் மாவாகத் திரளும், பிடி வழுக்கும்.

காய்ப்பு இருக்கத்தான் வேண்டும், மேடு தட்டக் கூடாது. குளித்ததும் தோல் ஊறியிருக்கும்போது நுரைக்கல்லால் மெதுவாகத் தேய்த்து, சுற்றியுள்ள தோலுக்குச் சமமாக்க வேண்டும். விரல் நுனியால் தடவினால் மேடு தட்டுப்படக் கூடாது, அதுதான் அளவு. ராத்திரி தேங்காயெண்ணெய் தடவலாம். காலையில் சோப்புப் போட்டுக் கழுவாமல் பாரைத் தொட்டால் அந்தப் பாரில் அன்றைக்கு யாரும் ஆட முடியாது, ஆகவே பயிற்சிக்கு முந்தின ராத்திரி கொஞ்சமாக. உரிந்துவிட்டால், "மாஷே, கை எரியுது" என்று வரும் பிள்ளையின் தோலைப் பிய்த்து எறியாதீர்கள். பிய்த்தால் நல்ல தோலும் சேர்ந்து வரும். சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான சின்னக் கத்தரியால் தொங்குவதை மட்டும் வெட்டி, வாஸ்லின் தடவிக் கட்டுப் போடுங்கள். இரண்டு மூன்று நாள் பாருக்கு விடுப்பு. அந்த நாட்களில் பீமும் கால் பயிற்சியும் நடக்கட்டும்.

கிரிப் (பாரைப் பிடிக்கக் கையில் மாட்டும் தோல் பட்டை) எப்போது? வெறும் கையில் ஆட்டம் இடுப்பு உயரத்தைத் தாண்டி நிதானமாக வரும்போது, அதற்கு முன்னால் வேண்டாம். கிரிப் போட்ட கை பாரை உணராது, பிடிபலமும் வளராது. வாங்கும்போது மாற்றி வாங்கிவிடாதீர்கள். பெண்கள் பாருக்கு இரண்டு துளை, ஆண்கள் ஹை பாருக்கு மூன்று துளை, ரிங்ஸுக்கு வேறு. ரிங்ஸ் கிரிப்பை ஹை பாரில் போட்டு ஆடக் கூடாது. தோல் நாளாக நாளாக நீளும். பாரைச் சுற்றிக் கை மூடும்போது கிரிப்பின் நுனி சுற்றி வந்து தன்மேலேயே மடிந்து சிக்குகிற அளவு நீண்டுவிட்டால் அன்றே தூக்கிப் போட வேண்டும். சிக்கிய கிரிப் பாரில் நின்றுவிடும், உடம்பு சுற்றிக்கொண்டே போகும், முன்கை எலும்பு முறியும். அண்ணன் போட்ட பழைய கிரிப்பைத் தம்பிக்குக் கொடுப்பது சிக்கனம் அல்ல. புதுக் கிரிப்பையும் போட்டிக்கு முந்தின வாரம் இறக்காதீர்கள், பழக மூன்று நாலு வாரம் வேண்டும்.

வளர்ச்சியைக் கவனிக்க ஒரு பென்சில் போதும். மாதம் ஒரு நாள் காலையில் கதவு நிலையில் கோடு போடுங்கள். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் வளர்ச்சி வேகம் பிடித்துவிட்டது. பெண்களுக்குப் பதினொன்று பன்னிரண்டிலும், பையன்களுக்குப் பதிமூன்று பதினாலிலும் இது சாதாரணம். எலும்பு முன்னே போகும், தசை பின்னால் வரும். நேற்றுவரை கச்சிதமாக வந்த வித்தை காலந்தவறும். அந்தக் கட்டத்தில் புது வித்தை வேண்டாம், எண்ணிக்கையைக் குறையுங்கள், நீட்டலைக் கூட்டுங்கள். சில பிள்ளைகள் திடீரென்று பின்பக்கம் போக மறுப்பார்கள். முரண்டு இல்லை அது, உடம்பின் அளவு மாறியதால் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. இரண்டு படி கீழே இறக்கி, ஃபோமில் மறுபடி ஏற்றினால் திரும்பி வரும். மிரட்டினால் வராது.

வலியில் மூன்றைத் தள்ளிப்போடக் கூடாது. கை ஊன்றும்போது கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வலி, இது எலும்பு வளரும் பகுதியில் அடி. வாரக்கணக்கில் கை ஊன்றாமல் இருந்தால் ஆறும், கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்ந்தால் எலும்பு குட்டையாக நின்றுபோகலாம். பின்னால் வளையும்போது மட்டும் ஒரே இடத்தில் சுள்ளென்ற இடுப்பு வலி, இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் எலும்பு மருத்துவரிடம். மூன்றாவது, வலியே இல்லாதது: பதினைந்து வயசாகியும் பெண் பிள்ளை வயசுக்கு வரவில்லையென்றால் 'ஆட்டக்காரப் பிள்ளை, அப்படித்தான்' என்று விடாமல் மருத்துவரைப் பாருங்கள். சாப்பாடு செலவழிப்புக்குப் போதவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். எடை போட்டுப் பலர் முன்னால் சொல்லும் மாஸ்டரைத் தடுத்து நிறுத்துங்கள். ராகிக் களி, மத்தி மீன், புட்டும் கடலையும் நம் அடுப்பில் நடப்பதுதான், வேறு பொடி எதுவும் வேண்டாம். பயிற்சிக்கு ஒன்றரை மணி முன்னால் ஒரு நேந்திரம்பழம், முடிந்ததும் அரை மணிக்குள் பாலும் கடலை மிட்டாயும். பஸ்ஸில் அப்பளமாகக் காய்ந்து வீடு வந்து ஒன்பது மணிக்குச் சோறு என்பது கூடாது.

போட்டி. மதிப்பெண் இரண்டு பங்கு. என்னென்ன வித்தை போட்டாய் என்பதற்கு ஒரு கூட்டல், அது கடினம். எப்படிப் போட்டாய் என்பதற்கு 10இலிருந்து கழித்தல். கழிவு 0.1, 0.3, 0.5 என்று போகும், விழுந்தால் 1.0. ஒரு பிள்ளை 2.8 கடினத்துக்குச் சுத்தமாக ஆடி 8.4 வாங்கினால் 11.2. இன்னொரு பிள்ளை 3.9 கடினத்தை முயன்று, ஒருமுறை விழுந்து, முட்டி மடக்கி, 6.6 வாங்கினால் 10.5. மாவட்ட அளவில் தோற்பவர்களில் பலர் இந்த இரண்டாவது வகை. வீட்டுக்காரர்கள் 'பெரிய வித்தை போட்டும் மார்க் போடலை' என்று நடுவரைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறுவார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அகர்தலாவின் தீபா கர்மாகர் வால்ட்டில் 15.066 வாங்கி நாலாவதாக வந்தார். வெண்கலத்துக்கு 15.216. இடைவெளி 0.150. இறங்கியதும் ஒரு சின்ன அடி எடுத்து வைத்தால் 0.1, பெரிய அடி என்றால் 0.3. திண்ணைக் குதிப்பு எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த எண்ணைச் சொல்லலாம். தீபாவுக்குத் தட்டைப் பாதம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2018இல் மெல்போர்ன் உலகக் கோப்பையில் ஐதராபாத்தின் அருணா புத்தா ரெட்டி வெண்கலம் வாங்கியதும் வால்ட்டில்தான். ஓட்டமும் கால் பலமும் நம் பிள்ளைகளுக்கு உண்டு, பார் நேரம்தான் கிடைப்பதில்லை. அதனால் எட்டு வயசிலேயே 'இவ வால்ட் பிள்ளை' என்று முத்திரை குத்திவிட வேண்டாம், பதிமூன்று வரை நான்கு கருவியிலும் ஓடட்டும்.

எந்த மாநிலத்துக்கு ஆடுவது என்கிற குழப்பம் நம் ஊர்களுக்கே உரியது. பள்ளிப் போட்டியில் 14, 17, 19 என்று வயதுப் பிரிவு. பள்ளிக்கூடம் எந்த மாநிலமோ அந்த மாநிலம். வீடு கேரளப் பக்கம் வண்ணாமடையில், படிப்பு பொள்ளாச்சியில் என்றால் தமிழ்நாடு. சங்கப் போட்டிக்கு எந்த மாவட்டச் சங்கம் வழியாகப் பதிகிறோமோ அது. இரண்டு பக்கமும் பெயர் கொடுத்து வைக்காதீர்கள். எந்தப் பக்கம் என்று முடிவெடுக்கும்போது பலனையும் பாருங்கள்: கேரளத்தில் விளையாட்டுக்குக் கிரேஸ் மார்க் உண்டு, தமிழ்நாட்டில் அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. காகிதத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் முன்னெழுத்தில். பிறப்புச் சான்றிதழில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால், பள்ளிப் பதிவில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனபோது ஓர் எழுத்து கூடுதலாக. போட்டிக்கு முந்தின நாள் சரிபார்ப்பு மேஜையில் இது வெடிக்கும். ஏழு வயசிலேயே மூன்றையும் ஒன்றாக்கி வையுங்கள்.

எல்லாப் பிள்ளையும் கடைசிவரை போகாது. பதிமூன்று வயசில் சட்டென்று உயர்ந்துவிட்ட பெண்ணை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். ரஷ்யாவின் எலேனா இசின்பயேவா 15 வயசு வரை ஜிம்னாஸ்ட், உயரம் கூடியதால் கம்பூன்றித் தாண்டுதலுக்கு மாறியவர். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். தலைகீழாக நிற்கவும் கயிறு ஏறவும் தெரிந்த பிள்ளைக்குக் கம்பு பாதி பழக்கமானதுதான். பறளியும் முண்டூரும் ஓட்டப் பந்தயத்துக்குப் பேர்போன ஊர்கள், நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மாறுவதென்றால் சீசன் முடிந்த கையோடு மாற்றுங்கள், நடுவில் ஆறு மாதம் சும்மா விட்டால் கயிறு ஏறிய கை மறந்துபோகும்.